தாவரப் பதிவுகளை இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பும்போது எங்கே கெடுகிறது? பெங்களூரு உறுப்பினர்களின் அனுபவங்கள்

புங்கைநிழல், ஜெயநகர்:
அடிக்கடி கெடுவது அக்செஷன் எண்தான், அதாவது தோட்டத்துக்கு வரும் ஒவ்வொரு வரவுக்கும் கொடுக்கும் பதிவு எண். 2003-12 என்று அடித்தால் எக்செல் அதை டிசம்பர் 2003 ஆக்கிவிடும். 00456 வெறும் 456 ஆகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் பழைய எண் போனது போனதுதான். அதனால் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) இரட்டை க்ளிக் செய்து திறக்காதீர்கள். 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, எண் இருக்கும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டு ஏற்றுங்கள். அங்கேயே யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுத்தால் கன்னட, தமிழ்ப் பெயர்களும் சிதையாது.

எண் கொடுப்பது வரவுக்கு, பின்னொட்டு கொடுப்பது கன்றுக்கு. ஒரே தாய்மரத்தில் ஒரே நாளில் எடுத்த விதையில் ஐந்து கன்று தேறினால் 2019-0012/1 முதல் /5 வரை. ஒன்று பட்டுப்போனால் வரியை அழிக்காமல், நிலையை மாற்றித் தேதி போட்டால் போதும். அந்த எண்ணை வேறு செடிக்குக் கொடுத்தால், நம்மிடம் விதை வாங்கிய தோட்டத்தின் ஏட்டில் இரண்டு இனங்கள் ஒன்றாகிவிடும்.

சம்பங்கி, அல்சூர்:
சார், அட்சரேகை தீர்க்கரேகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு நம் லால்பாக் தாவரவியல் தோட்டத்தையே எடுப்போம்: சுமார் 12°57′ வடக்கு, 77°35′ கிழக்கு. நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 12.95, 77.58. வகுக்காமல் 12.57 என்று எழுதினால் புள்ளி 42 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போகும். அதுவும் பக்கத்திலேயே நிலத்தில் விழுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டாலோ வடதுருவப் பகுதியில் ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கத்துக் கடலில் விழும், உடனே கண்ணில் பட்டுவிடும். சின்னப் பிழைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இன்னொன்று, செடி நிற்கும் தோட்டத்தின் எண்களைச் சேகரித்த இடத்துக்கான பத்தியில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் அரோகேரியா மரம் பெங்களூரில் தானாக முளைப்பதாக வரைபடம் காட்டும்.

மகிழம், பனஸ்வாடி:
லேபிளில் 'குடகு' என்று மட்டும் இருந்தால் என்ன போடுவது மேடம்?

சம்பங்கி:
'குடகு' என்று எழுத்தில் அப்படியே போடுங்கள், எண்களைக் காலியாக விடுங்கள். மாவட்டத்தின் நடுப்புள்ளியைப் போட்டால், அடுத்து வாங்குபவர் அதைத் துல்லியமான இடம் என்று நம்பிவிடுவார். போட்டே ஆக வேண்டுமென்றால் பிழை எல்லையை மீட்டரில் தனிப் பத்தியில் எழுதுங்கள். செடி எங்கிருந்து வந்தது என்று காட்டும் மூலக் குறியிலும் இதே கவனம் வேண்டும். காட்டிலிருந்து நேரே வந்தது டபிள்யூ, காட்டு மூலத்திலிருந்து தோட்டத்தில் பெருக்கியது இசட், காட்டு மூலம் இல்லாதது ஜி, தெரியாதது யூ. தெரியாததை ஜி என்று நிரப்பினால், காப்புப் பணிக்கு உதவக்கூடிய ஒரு செடி தேடலிலேயே வராது.

வேங்கை, இந்திராநகர்:
பெயரைத் திருத்துவது நல்லதுதான், ஆனால் வந்த பெயர் தனிப் பத்தியில் இருக்கட்டும். கருவேலம் அகேசியா நிலோடிகா என்று வந்திருந்தால், பக்கத்தில் வசேலியா நிலோடிகா, யார் திருத்தினார், எந்தத் தேதி என்று சேருங்கள். பழைய பெயரை அழித்துவிட்டால் அனுப்பியவரின் ஏட்டோடு ஒப்பிட வழியே இல்லை.

சந்தனம், அரிய ஆர்க்கிட் போன்றவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியில் கொடுக்கும் பட்டியலில் ஒரு தசமத்துக்குக் குறைத்துவிடுங்கள். சுமார் 11 கிலோமீட்டர் மங்கலாகிவிடும். குறைக்காத எண்கள் உள் ஏட்டில் இருக்கட்டும். தாவரவியல் தோட்டங்களின் உலக அமைப்பான பிஜிசிஐ-யின் பிளாண்ட்சர்ச் என்ற தேடல் தளத்திலும் எந்தத் தோட்டத்தில் செடி இருக்கிறது என்பதைப் பொதுவில் காட்டுவதில்லை. கேட்பவரின் கோரிக்கை மட்டும் அந்தத் தோட்டத்துக்குப் போகும்.