'நாக் அப்' கேட்டு நெளிந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பின்வரிசை:
அலுவலகப் பயணம், எல்லாருக்கும் ஒரே விடுதி. இரவுச் சாப்பாட்டில் எங்கள் மேலாளர், ஓய்வு பெறும் வயதிலிருக்கும் இங்கிலாந்துக்காரர், அமெரிக்காவிலிருந்து வந்த பெண்ணிடம் "காலை ஆறு மணிக்கு உங்களை நாக் அப் செய்கிறேன்" என்றார். வாய்க்குப் போன கரண்டி பாதியிலேயே நின்றது. கதவைத் தட்டி எழுப்புவதாகத்தான் அவர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அது கர்ப்பமாக்குவது. யாரும் வாயைத் திறக்கவில்லை. மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார். அவரிடம் யாராவது சொன்னார்களா என்று இன்றுவரை தெரியாது.

கோடுபோட்ட சட்டை:
எனக்கு டென்னிஸில். ஆட்டத்துக்கு முன் உடம்பு சூடாக நாலு பந்து அடித்துக்கொள்வதும் பிரிட்டிஷ்காரர்களுக்கு நாக் அப்தான். எதிரணிக்காரர் "முதலில் கொஞ்சம் நாக் அப்?" என்றதும், அமெரிக்கத் தொடர் பார்த்தே ஆங்கிலம் படித்த என் ஜோடி மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். அப்புறம் அவர் சர்வீஸ் போடும்போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு. தோற்றோம்.

தூக்கக்கலக்கம்:
பின்வரிசை, உங்கள் மேலாளருக்கு ஒன்றும் தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். அந்த அர்த்தம் இப்போது இங்கிலாந்திலும் எல்லாருக்கும் தெரியும். 2007-ல் ஹாலிவுட் படத்துக்கே அதைத் தலைப்பாக வைத்தார்கள். என்னிடமும் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார், அதனால் சொல்கிறேன். நீங்கள் யாரையாவது எழுப்ப வேண்டுமென்றால் 'வேக் அப்' போதும். சமையலில் அவசரத்துக்கு ஏதாவது செய்வதற்கும் நாக் அப் என்பார்கள், அங்கே 'மேக்' போதும். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாத கூட்டத்தில் 'அப்' சேர்ந்த எதையும் யோசித்துப் பேசுங்கள். 'ஹுக் அப்' இன்னும் மோசம், படுக்கையைப் பகிர்வது வரை அர்த்தம் போகும்.

பழைய பேட்டரி:
தூக்கக்கலக்கம், இங்கே அறிவுரை யார் கேட்டார்கள்? பாவம், அந்த மனிதரை விடுங்கள். அலாரம் கடிகாரம் வீட்டுக்கு வீடு வராத காலத்தில், ஆலைத் தொழிலாளர்களை எழுப்ப நீளக் கழியால் ஜன்னலைத் தட்டுவதே அங்கே ஒரு தொழில். அப்படித் தட்டுபவர்களுக்குப் பெயரே நாக்கர் அப். 1892-ல் வந்த கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் வாட்சனைக் காலையில் சீக்கிரமே எழுப்பிவிட்டு, நாக் அப் செய்ததற்கு வருத்தம் தெரிவிப்பார். யாரும் நெளியவில்லை.

சரி, என் கதை. ஆஸ்திரேலியாவில் பழைய ஆட்கள் களைத்துப்போனாலும் நாக்ட் அப் என்பார்கள். மலைக்கோயில் படியில் அப்படி ஒரு தாத்தா மூச்சு வாங்க உட்கார்ந்து "ஐ ஆம் நாக்ட் அப்" என்றார். பின்னால் வந்த அமெரிக்கப் பையன் முகம் மாறாமல் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னான்.