எழுதிக் கொடுத்ததைப் புரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள், அவசரம்

புதுசா வந்தவள்: வணக்கம். வெளிநாடு வந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "என்ன நடந்தது என்றே தெரியவில்லை" என்று மேனேஜர் திருப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். தூக்கமே இல்லை. தெளிவாக ஆங்கிலம் எழுத என்ன வழி?

மெல்போர்ன் வாசி: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங்கில் மூன்று முறை 6.5 வாங்கிய ஆள் நான். தினமும் ஒரு தலையங்கம் படியுங்கள். ஆறு மாதத்தில் நடை தானாக வரும்.

கார்த்தி: வெள்ளிக்கிழமைக்கு ஆறு மாதமா அண்ணா?

ஸ்கார்பரோ மாமா: பிள்ளை, பயப்பட வேண்டாம். நாங்கள் வந்த முதல் பனிக்காலம், சப்பாத்துக்குள் பேப்பர் வைத்து ஃபாக்டரிக்கு நடந்தோம். படிவம் நிரப்பக்கூட ஆள் தேட வேண்டும். இப்ப புதுசா வந்தவைக்கு லிங்க் என்ற அரசாங்க ஆங்கில வகுப்பு இலவசம், போய்ச் சேருங்கோ.

கார்த்தி: மாமா, அது கனடாவில்தான். எல்லா விசாவுக்கும் கிடையாது. அவர் எந்த நாடு என்றே சொல்லவில்லையே.

சிங்கைத் தம்பி: ஏஐயிடம் கொடுத்தால் பத்து நொடி வேலை.

மெல்போர்ன் வாசி: வேண்டாம். வழவழவென்று வரும், உங்கள் எழுத்து இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சிங்கைத் தம்பி: நம் ஆங்கிலத்துக்கு என்ன குறை? பத்து வருஷமாக 'டூ த நீட்ஃபுல்' எழுதுகிறேன், யாரும் செத்துப்போகவில்லை. வெள்ளைக்காரர்களுக்கே ஸ்பெல்லிங் வராது.

ஸ்கார்பரோ மாமா: அது உண்மை. என் சூப்பர்வைசர் எழுதுவதைப் பார்க்க வேணும்!

இரவு ஷிஃப்ட் அக்கா: எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தங்கச்சி, எந்த நாடு, என்ன வேலை, எழுதியது என்ன? பெயர்களை எடுத்துவிட்டு இரண்டு வரி போடு.

புதுசா வந்தவள்: மன்னிக்கவும் அக்கா. இங்கிலாந்து, வார்டு நர்ஸ். மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வு ஓஇடி பாஸ் செய்துதான் வந்தேன். நோயாளி ஒருவர் இரவில் விழுந்துவிட்டார், அதற்கான ஸ்டேட்மென்ட். எழுதியது: "பேஷன்ட் ஹேவிங் ஃபாலன் டௌன் வைல் கோயிங் டு டாய்லெட், த சேம் வாஸ் இன்ஃபார்ம்ட் அண்ட் நெசசரி ஆக்‌ஷன் வாஸ் டேக்கன்."

இரவு ஷிஃப்ட் அக்கா: இலக்கணத்தை விடு. இதில் ஆளே இல்லை. யார் சொன்னது, யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன ஆக்‌ஷன்? தமிழில் போய், பார்த்து, தூக்கி, சொல்லி என்று எச்சமாகக் கோத்துக் கடைசியில் ஒரு வினைமுற்று வைத்தால் போதும். ஆங்கிலத்தில் அப்படிக் கோத்தால் படிப்பவர் தொலைந்துபோவார். ஒரு வாக்கியம், ஒரு ஆள், ஒரு செயல். 'ஐ' என்று தொடங்கக் கூச்சப்படாதே. அப்புறம், அவர் விழுந்ததை நீ பார்த்தாயா?

புதுசா வந்தவள்: இல்லை, சத்தம் கேட்டுப் போனேன். தரையில் இருந்தார்.

இரவு ஷிஃப்ட் அக்கா: அப்போது 'ஃபாலன்' என்று எழுதக்கூடாது. பாத்ரூமுக்குப் போனார் என்பதும் உன் ஊகம்தான். அவரே சொன்னால், அவர் சொன்னதாக எழுது.

கார்த்தி: அரசு இணையதளத்துக்கு எழுதுபவர்களுக்கே, வாக்கியம் 25 சொல்லைத் தாண்டினால் உடைக்க முடியுமா பார் என்றுதான் இங்கே பிரிட்டனில் சொல்கிறார்கள். சின்ன வாக்கியம் குழந்தைத்தனம் இல்லை. ஏஐ விஷயத்தில் நான் மெல்போர்ன் அண்ணா பக்கம். காரணம் வேறு, அது நோயாளி விவரம்.

புதுசா வந்தவள்: இப்படி மாற்றினேன்: "அட் 02:10 ஐ ஹேர்ட் எ நாய்ஸ். ஐ ஃபவுண்ட் த பேஷன்ட் ஆன் த ஃப்ளோர் பிசைட் ஹிஸ் பெட். ஐ செக்ட் ஹிம் ஃபார் இஞ்சுரி. அட் 02:20 ஐ கால்ட் த டாக்டர்." டாக்டர் பெயர் கேட்கவில்லை அக்கா.

இரவு ஷிஃப்ட் அக்கா: 'ஆன்-கால் டாக்டர்' என்று போடு. ஊகித்து ஒரு பெயரை எழுதாதே. செக் பண்ணியதில் என்ன கண்டாய்? அதற்கு ஒரு வரி. அன்றிரவு நோட்ஸில் உள்ளதைத் தொடாதே, சேர்க்க வேண்டுமென்றால் இன்றைய தேதி, நேரம் போட்டுத் தனியாக எழுது. கொடுப்பதற்கு முன் உங்கள் யூனியன் ரெப்பிடம் ஒருமுறை காட்டு.

புதுசா வந்தவள்: யூனியனில் இன்னும் சேரவில்லையே அக்கா…