‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’: நீர்மட்டம் உயர்ந்ததா, உயர்த்தப்பட்டதா?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
பிசானச் சாகுபடிக்குத் தண்ணீர் கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதும் பொறுப்பை எங்கள் ஊர் விவசாயிகள் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முழு உயரம் 143 அடியான பாபநாசம் அணையில் நீர்மட்டம் ஒரே இரவில் 3 அடி உயர்ந்ததை ‘வாட்டர் லெவல் ரெய்ஸ்டு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த பொறியாளர் ஒருவர் அதை அடித்துவிட்டு ‘ரோஸ்’ என்று திருத்தினார். ஆனால் ஷட்டர்களைப் பற்றி எழுதிய ‘வேர் ரெய்ஸ்டு’ என்பதை அப்படியே விட்டுவிட்டார். இரண்டுக்கும் பொருள் உயர்வுதானே?

மறுமொழி (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி, உயர், உயர்த்து என்று நாம் தினமும் பிரித்துச் சொல்லும் வேறுபாடுதான் இது. ‘ரைஸ்’ தன்வினை, ‘ரெய்ஸ்’ பிறவினை. ‘எதை?’ என்று கேட்டால் விடை கிடைக்குமானால் ‘ரெய்ஸ்’ வரும்: கையை உயர்த்தினான், ஷட்டரை உயர்த்தினார்கள். மழை பெய்து நீர்மட்டம் தானே ஏறும்போது அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆகவே ரைஸ், ரோஸ், ரிசன். ஏறு–ஏற்று, ஓடு–ஓட்டு என்று தமிழில் இத்தகைய இணைகள் ஏராளம். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவற்றை ஆராய்ந்திருக்கிறார். ஆங்கிலத்திலோ சில இணைகளே எஞ்சியிருக்கின்றன. கதவு திறந்தது, கதவைத் திறந்தான் என்ற இரண்டுக்கும் அங்கே ‘ஓப்பன்’ ஒன்றே போதும் என்பதால், எல்லா வினையும் அப்படித்தான் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

மறுமொழி (தென்காசி):
மேலே சொன்னது சரி. ஆனால் ‘உயர்த்து’ என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டாம். கேள்வியை ‘ரெய்ஸ்’ செய்தால் எழுப்புகிறோம், நிதியானால் திரட்டுகிறோம், பிள்ளைகளானால் வளர்க்கிறோம். தாமிரபரணி பொதிகையில் உற்பத்தியாகிறது என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரைசஸ்’ என்றே எழுதுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு அது. சம்பள உயர்வைப் பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது பிரிட்டனில் ‘ரைஸ்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ரெய்ஸ்’ என்பார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் நீர்மட்டத்துக்கு ‘வாஸ் ரெய்ஸ்டு’ என்று எழுதினால் இலக்கணப் பிழை ஆகாதுதானே?

மறுமொழி (பாளையங்கோட்டை):
ஆகாது. ஆனால் யாரோ வேண்டுமென்றே தண்ணீரைத் தேக்கி மட்டத்தை உயர்த்தினார்கள் என்று பொருள்பட்டுவிடும். மழையால் அணை பெருகியதைக் காட்டித் தண்ணீர் கேட்கும் மனுவில் ‘ரோஸ்’ என்றே இருக்கட்டும்.