கஜா தென்னைக்கு 1,100 ரூபாய் பத்தலையாம்!

சம்பளக்காரன்: டெல்டால மறுபடியும் நிவாரணம் போதாதுன்னு சாலை மறியல். 2018 கஜா புயல்ல விழுந்த தென்னைக்கு மரம் ஒண்ணுக்கு 1,100 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம்னு 1,92,500 வாங்கினவங்கதானே இவங்க? என் சம்பளத்துல வரி பிடிக்கும்போது எவனும் மறியல் பண்ணலையே.

பேராவூரணியான்: மரத்துக்கு 600. எழுத்தால சொல்றேன், அறுநூறு. மீதி 500 விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்த. எழவு வீட்டுல பாடை கட்டுற காசையும் சொத்துக் கணக்குல எழுதுவீங்களா சார்?

சம்பளக்காரன்: 600ம் 500ம் எவ்வளவு? எங்க ஊர்ல 1,100.

பேராவூரணியான்: உங்க ஊர்ல மரம் தானா எழுந்து நடந்து போகுமோ? நவம்பர் 16 விடியக்காலைல தோப்புக்குள்ள போனா, எங்க அப்பா நட்ட நெட்டை மரமெல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கிடக்கு. கால் வைக்க இடமில்ல. மெஷின் வெச்சு அறுக்கணும், தூரை ஜேசிபி விட்டுப் பெயர்க்கணும். விட்டா காண்டாமிருக வண்டு குடியேறி, தப்பிச்ச நாலு மரத்தையும் தின்னுடும். அந்த 500 இதுலயே கரைஞ்சு, மேல கைக்காசும் போச்சு. கைல நின்னது 600.

கணக்குப்பிள்ளை: ரெண்டு பேருமே நிவாரணத்தையும் இழப்பீட்டையும் போட்டுக் குழப்புறீங்க. பேரிடர் நிதியில குடுக்கறது கைத்தாங்கல்தான், மரத்தோட விலை இல்ல. முதல்ல அதைப் பிரிச்சுக்கிட்டா...

பேராவூரணியான்: பிரிச்சுத்தானே சொல்றேன். 600 தனி, 500 தனி.

சம்பளக்காரன்: சேர்த்தா 1,100. மறுநடவு உதவி வேற.

பேராவூரணியான்: கன்னு காய்க்க ஆறேழு வருஷம் சார். அதுவரைக்கும் கன்னுக்குட்டி மாதிரி ஓலையவா மேயறது?

கடைமடை: தோப்புக்காரங்களுக்கு அதுவாவது வந்துச்சு. நான் ஆறு மா, அதாவது ஏறக்குறைய ரெண்டு ஏக்கர், குத்தகை. சம்பா நெல்லு மொத்தமும் சாஞ்சுது. பட்டா சென்னைல இருக்கறவர் பேர்ல, பணம் அவர் கணக்குல ஏறிடுச்சு. போனே எடுக்கல மனுஷன்.

பேராவூரணியான்: அண்ணே, தேங்காய் விலை பத்திப் பேசினப்ப என்னைத் 'தோப்பு மிராசு'ன்னு நக்கல் பண்ணது நீங்கதானே? அதை நான் மறக்கல.

கடைமடை: மிராசை மிராசுன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றதாம்?

பேராவூரணியான்: மூணு ஏக்கர் வெச்சிருந்தா மிராசா? ஏக்கருக்கு எழுபது மரம், எல்லாம் தரையில. இந்த மிராசுக்கு வந்தது மரத்துக்கு 600.

கணக்குப்பிள்ளை: நான் சொன்னதை யாராவது படிச்சீங்களா?

சம்பளக்காரன்: விழுந்த மரத்தைச் சூளைக்கு வித்தீங்களே, அந்தக் காசு எந்தக் கணக்குல?

பேராவூரணியான்: சூளைக்காரன் ஏத்துக்கூலி நீ குடுத்தா எடுத்துக்கறேன்னான். வேணும்னா அவன் நம்பரைத் தனியா அனுப்பறேன், நீங்க பேசி வாங்கிக்குங்க.

சம்பளக்காரன்: பதில் இல்லாதவன் இப்படித்தான் திசை திருப்புவான். 1,100.

கடைமடை: என் நெல்லைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல.

பேராவூரணியான்: இருங்கண்ணே, இவருக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுத்துட்டு வர்றேன். சார், 600.