தண்ணிக்கடியில விளம்பரம் எடுக்க டேங்க் தேடி அலைஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

நானே ஆரம்பிக்கிறேன். பட்டுப்புடவை விளம்பரம், பொண்ணு தண்ணிக்குள்ள மிதக்கணும், முந்தானை மீன் வாலாட்டம் விரியணும்னுட்டாரு டைரக்டர். நான் ப்ரொடக்‌ஷன் மேனேஜர், டேங்க் பாக்குற வேலை என் தலையில. ஈசிஆர்ல ரிசார்ட் ரிசார்ட்டா ஏறி இறங்கினேன், எல்லாம் அஞ்சடி குளம், எப்படி கேமரா வச்சாலும் கீழ டைல்ஸ் வரும் இல்ல மேல தண்ணி மட்டம் வரும், பத்தடியாவது வேணும். சரி நாமளே கட்டிடலாம்னு ஒரு பழைய குடோன்ல இரும்பு டேங்க், 20க்கு 15 அடி, உயரம் 10. கணக்கு போட்டா 85,000 லிட்டர், 85 டன் வெயிட்டு, 12,000 லிட்டர் லாரின்னா ஏழு லோடு. தரை தாங்குமான்னு இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டினது ஒண்ணுதான் நான் உருப்படியா செஞ்சது.

போர் தண்ணி. லாரிலேர்ந்து இறங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு, பெருமையா போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். ராத்திரி குளோரின் போட்டோம், காலைல வந்து பாத்தா மொத்தமும் டீ டிகாக்‌ஷன்! தண்ணில கரைஞ்சிருந்த இரும்பு குளோரின் பட்டதும் துருவா மாறிடுச்சாம். படிகாரம் போட்டு, பம்ப ஆஃப் பண்ணி, அசையாம விட்டு, அடில படிஞ்சத உறிஞ்சி எடுக்க ரெண்டு நாள், அதுக்குள்ள ஆர்ட்டிஸ்ட் கால்ஷீட் போச்சு. இப்பல்லாம் ஒரு பக்கெட்ல குளோரின் போட்டு ராத்திரி முழுக்க வச்சு பாத்துட்டுதான் லாரிக்கு அட்வான்ஸே.

அண்ணே, உங்களுக்கு இரும்பு, எனக்கு துணி. நீச்சல் கத்துக்குடுக்குற இடத்துல 12 அடி குளம் கெடைச்சுது, ராத்திரி மட்டும்தான் தருவாங்க, காலைல 5 மணிக்கு பசங்க வந்துடுவாங்க. நீல டைல்ஸ மறைக்க கறுப்புத் துணி கட்டினோம், நான்தான் விலை கம்மியா இருக்குன்னு துவைச்சு பாக்காம வாங்கிட்டு வந்தேன், ஒரு மணி நேரத்துல சாயம் கரைஞ்சு ஓரமெல்லாம் மை. விடியற வரைக்கும் ஃபில்டர் ஓட்டினோம், ஓனர் மூஞ்சிய பாக்கவே முடியல.

நான் கேமரா சைடு. எல்லாரும் ஆழம் ஆழம்னு கேக்குறீங்க, நீளத்த விட்டுடுறீங்க. ஹவுசிங், அதான் கேமராவுக்கு தண்ணி புகாம போடுற பெட்டி, அதுக்கு முன்னாடி தட்டைக் கண்ணாடின்னா தண்ணிக்குள்ள எல்லாம் மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும், வைடு லென்ஸ் போட்டாலும் ஃபிரேம் டைட்டா ஆயிடும், பின்னால போக இடம் வேணும், இல்லன்னா டோம் போர்ட், அதான் குமிழ் மாதிரி வளைஞ்ச கண்ணாடி, அத கேளுங்க. ஆனா ரொம்ப பின்னால போனா கலர் போச்சு, தண்ணி சிவப்பத்தான் மொதல்ல முழுங்கும், லைட்டு புடவைக்கு போயி கேமராவுக்கு திரும்புற மொத்த தூரமும் கணக்கு. எங்க அரக்கு புடவை மானிட்டர்ல காபித்தூள் கலர்ல நின்னுச்சு, லைட்ட கிட்ட கொண்டு வந்தப்புறம்தான் உசுரு வந்துச்சு. லண்டன் பக்கம் பைன்வுட் ஸ்டுடியோல இதுக்குன்னே 20க்கு 10 மீட்டர், 6 மீட்டர் ஆழத்துல டேங்க் வச்சிருக்காங்க, நம்ம ஊருல குடோனும் நீச்சல் குளமும்தான், என்ன பண்றது.

தம்பிங்களா, தண்ணிக்குள்ள இறங்குற பொண்ண பத்தி ஒருத்தரும் பேசலியே? நான் காஸ்ட்யூம்ஸ். 28 டிகிரி தண்ணி கைய விட்டா சுகமாத்தான் இருக்கும், அரை மணி ஆனா உதடு நீலமாயிடும், காத்த விட தண்ணி உடம்புச் சூட்ட அவ்ளோ வேகமா இழுத்துடும். குளோரின்ல கண்ண வேற திறந்து வச்சு சிரிக்கணும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல டைவர் காத்து குடுக்கணும், அந்த டைவர் இல்லன்னா நான் கொசுவத்துக்கு ஊக்கே குத்த மாட்டேன்னு சொல்லிடுவேன். கொசுவத்துல ஈயக்குண்டு தைக்கிறதும் அளவாத்தான், அவ காலால உதறினா மேல வரணும்.

அக்கா சொல்றது கரெக்ட், நாங்க ஹீட்டர் வச்சும் பத்தல. இன்னொண்ணு, ஷூட் முடிஞ்சு அந்த 85,000 லிட்டர எங்க விடுறதுன்னு நான் யோசிக்கவே இல்ல. மே மாசம் வேற. வால்வ திறந்ததும் தெருவே குடத்தோட வந்துடுச்சு, குளோரின் தண்ணிம்மா, குடிக்காதீங்கன்னு கத்துறேன், "துணி தொவைக்கத்தான், தள்ளு"ன்னு ஒரு பாட்டி என்னையே நகத்தி விட்டுட்டு பிடிச்சாங்க.