50 மி.மீ. லென்ஸில் எக்ஸ்டென்ஷன் டியூப்: எறும்பின் கண் மட்டும் பளிச், மிச்சமெல்லாம் மங்கல்

சிற்றெறும்பு:
வணக்கம். கையில் இருப்பது கேனான் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார் வகை) டிஎஸ்எல்ஆர். லென்ஸ்கள்: 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம், 18–55 எஸ்டிஎம், 55–250 எஸ்டிஎம். மேக்ரோ லென்ஸ் வாங்க இப்போதைக்கு வழியில்லை. அதனால் லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தி உருவைப் பெரிதாக்கும் எக்ஸ்டென்ஷன் டியூப். கான்டாக்ட் (கேமராவையும் லென்ஸையும் மின்சாரத்தால் இணைக்கும் ஊசிகள்) எதுவும் இல்லாத வெறும் வளைய டியூப்பை 36 மி.மீ. நீளத்துக்குப் பூட்டிப் பார்த்ததில் வந்த சிக்கல்கள்:

50 மி.மீ.-இல் எறும்பின் கண் மட்டும் தெளிவாக வருகிறது, உணர்கொம்புகூட மங்கல். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் ஒன்றுமே அசையவில்லை. கிட் லென்ஸை (18–55) 18-இல் வைத்தால் எவ்வளவு கிட்டே போனாலும் எதுவும் ஃபோகஸ் ஆகவில்லை. படத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு மூட்டம் வேறு. கேமராவில் எஃப் எண் இருக்கும் இடத்தில் 00 என்று காட்டுகிறது.

டியூப்பில் கோளாறா, நான் செய்வதில் கோளாறா? கான்டாக்ட் உள்ளதை வாங்கினால் தீருமா? 12, 20, 36 என்று செட்டாக வருகிறதே, எதை எந்த லென்ஸில் போடுவது?

கண்ணாடிப்பெட்டி:
அந்த 00-இலேயே பாதி பதில் இருக்கிறது. முன்னால் லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். கேனான் இஎஃப் லென்ஸ்களில் அப்பெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் ஓட்டையை (எஃப் எண் கூடினால் ஓட்டை சிறிதாகும்), மூடித் திறப்பது மின்சாரம். கான்டாக்ட் இல்லாவிட்டால் அது முழுக்கத் திறந்தே கிடக்கும். ஆக நீங்கள் எடுத்த படம் எல்லாமே எஃப்/1.8. 36 மி.மீ. டியூப் தரும் உருப்பெருக்கத்தில் எஃப்/1.8-க்குத் தெளிவின் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக வரும் தூரம்) சுமார் கால் மி.மீ.தான். எறும்பின் கண்ணுக்கே அது சரியாகிவிடும், உணர்கொம்புக்கு எங்கே போவது? அதையே எஃப்/8-இல் எடுத்தால் ஏறக்குறைய 1 மி.மீ. கிடைக்கும்.

வளையம் அசையாததற்கும் காரணம் அதுவே. எஸ்டிஎம் லென்ஸில் கையால் ஃபோகஸ் செய்வதும் மோட்டார் வழியாகத்தான். மின்சாரம் போகாவிட்டால் வளையம் சும்மா சுற்றும். பழைய மேனுவல் லென்ஸ், அதாவது அப்பெர்ச்சர் வளையம் உள்ளது, கையில் இருந்தால் வெறும் டியூப்பே தாராளம். உங்கள் மூன்று லென்ஸுக்கும் கான்டாக்ட் உள்ளதுதான் தேவை. இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கான்டாக்ட் உள்ள டியூப்புக்கும் இல்லாததற்கும் வேறு எந்த வித்தியாசமும் இல்லை, இரண்டிலும் உள்ளே இருப்பது வெறும் காற்று.

புது டியூப் வரும்வரை ஒரு குறுக்கு வழி: லென்ஸை நேராகக் கேமராவில் மாட்டி, ஏவி மோடில் (எஃப் எண்ணை நாமே வைக்கும் மோட்) எஃப்/8 வையுங்கள். ஆழம் பார்க்கும் பட்டனை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றுங்கள். முன்பக்கம் பார்த்தால் இதழ்கள் மூடி, சின்ன ஓட்டையாக நிற்பது தெரியும். அப்படியே டியூப்பில் பூட்டி எடுக்கலாம். வியூஃபைண்டர் இருட்டாக இருக்கும், லைவ் வியூவுக்கு (பின்பக்கத் திரையில் பார்ப்பது) போய்விடுங்கள்.

கணக்கு எளிது. டியூப்பின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து, லென்ஸுக்கு ஏற்கெனவே இருக்கும் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் தோராயமான விடை வரும். 50-க்கு 36 போட்டால் 0.72. லென்ஸைக் கடைசிவரை கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் 0.21 சேர்ந்து 0.93, கிட்டத்தட்ட 1:1, அதாவது சென்சாரில் விழும் உருவமும் பொருளும் ஒரே அளவு. மூன்றையும் அடுக்கினால் 68/50 = 1.36. அப்போது பூச்சிக்கும் லென்ஸ் முகப்புக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இடம், லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழும்.

கணக்கை நம்பாவிட்டால் ஒரு ஸ்கேலைப் படம் எடுங்கள். உங்கள் சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. படத்தின் குறுக்கே 31 மி.மீ. தெரிந்தால் 22.3/31, அதாவது 0.72.

18 மி.மீ. ஏன் ஃபோகஸ் ஆகவில்லை என்பதும் இதே கணக்கு. 36/18 = 2. அந்த உருப்பெருக்கத்துக்குப் பொருள் இருக்கவேண்டிய இடம் முகப்புக் கண்ணாடிக்கு உள்ளேயே விழுந்துவிடுகிறது. எறும்பை லென்ஸுக்குள் விட்டால்தான் உண்டு! கிட் லென்ஸை 55-இல் வைத்து 12 போடுங்கள், பூவுக்கும் பெரிய பூச்சிகளுக்கும் அது போதும்.

தும்பிவால்:
நல்ல பதில். ஆனால் எஃப்/8-இல் ஏன் நிற்கவேண்டும்? எஃப்/16 வைத்தால் ஆழம் இரண்டு மி.மீ. வந்துவிடுமே. பூச்சி முழுவதும் தெளியும்.

கண்ணாடிப்பெட்டி:
ஆழம் வரும், தெளிவு போகும். டியூப் போட்டபிறகு கேமரா காட்டும் எஃப் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை (1 + உருப்பெருக்கம்) ஆல் பெருக்கவேண்டும். 0.72-இல் எஃப்/8 நடைமுறையில் எஃப்/14-க்குப் பக்கம். எஃப்/16 என்றால் 27-ஐத் தாண்டும். அங்கே சின்ன ஓட்டையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) கூட்டுக்கண்ணின் அறுகோணக் கோடுகள் கரைந்து, கண் வழவழப்பான பந்து மாதிரி ஆகிவிடும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியும் கரும்புள்ளியாகத் தெரியும். எஃப்/8-க்கும் 11-க்கும் நடுவில் நில்லுங்கள். ஆழம் கூடுதலாக வேண்டுமென்றால் அசையாத பொருளைச் சிறிது சிறிதாக நகர்ந்து பத்துப் பதினைந்து படங்கள் எடுத்துக் கணினியில் ஒரே படமாக அடுக்குவதுதான் வழி. எஃப்/8-இல் ஒரு நகர்வு அரை மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, போனால் நடுவில் மங்கல் பட்டை விழும்.

மூட்டம்:
என் பெயருக்கேற்ற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. நடுவில் தெரியும் வெள்ளைப் படலம் டியூப்பின் உட்சுவரிலிருந்து வருகிறது. மலிவு டியூப்களில் உள்ளே கறுப்புதான், ஆனால் பளபளக்கும் கறுப்பு. டியூப்பைத் தனியே எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி, சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சுவரில் வெளிச்ச வளையம் ஓடினால் அதுதான் குற்றவாளி. பின்பக்கம் பசையுள்ள கறுப்பு வெல்வெட் தாளைச் சுற்றளவுக்கு வெட்டி உள்ளே ஒட்டினால் அடங்கும். கான்டாக்ட் உள்ள டியூப்பில் ஒட்டும்போது ஊசிகள் பக்கம் போகாதீர்கள். நார் உதிராத தாளாகப் பாருங்கள், உதிர்ந்தால் நேரே சென்சாருக்குத்தான் போகும்.

வெளிச்சம்: 0.72-இல் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் குறையும், 1:1-இல் இரண்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). வெயிலை நம்பினால் ஷட்டர் வேகம் போதாது. வெளிப்புற ஃபிளாஷை மேனுவலில் 1/16 பவரில் தொடங்குங்கள், ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200. படம் இருட்டானால் 1/8. குறைந்த பவரில் மின்னல் நேரம் மிகக் குறைவு, கை நடுக்கத்தை அதுவே உறையவைத்துவிடும். டிஃப்யூசர் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மை. கேமராவோடு வரும் பாப்-அப் ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், டியூப் நீண்டதும் லென்ஸின் நிழல் படத்தின் கீழ்ப்பாதியை விழுங்கும்.

சிற்றெறும்பு:
தெளிவாகப் புரிந்தது, நன்றி. கான்டாக்ட் உள்ள செட்டுக்குப் போகிறேன். வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்? 55–250-க்கும் அதையே போடலாமா?

கண்ணாடிப்பெட்டி:
மவுண்டில் சிவப்புப் புள்ளியோடு வெள்ளைச் சதுரமும் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சதுரம் இல்லாத டியூப்பில் 18–55, 55–250 இரண்டும் உட்காராது, இரண்டும் இஎஃப்-எஸ் (ஏபிஎஸ்-சி கேமராவுக்கு மட்டுமான வகை). மவுண்ட் உலோகமா என்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் மவுண்ட் 50 மி.மீ.ஐத் தாங்கும், கனமான லென்ஸில் தொங்கிவிடும். அடுக்குகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 12-ம் 20-ம் சேர்த்துப் போடுவதைவிட 36 ஒன்றே ஆட்டமில்லாமல் நிற்கும். பூட்டியதும் எர்ரர் 01 வந்தால் பெரும்பாலும் கான்டாக்ட்தான், கழற்றி உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மாட்டுங்கள்.

55–250-இல் டியூப் வீண். 250-இல் 36 போட்டாலும் கூடுவது 0.14 மட்டுமே. அதற்கு முகப்பில் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ்தான் சரி. ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோஸ்-அப் லென்ஸின் சக்தி 8 டயாப்டர், குவியத்தூரம் 125 மி.மீ. லென்ஸை 250-இல், தூரத்து ஃபோகஸில் வைத்தால் 250/125, அதாவது 2:1. குட்டை லென்ஸுக்கு டியூப், நெட்டை லென்ஸுக்குக் குளோஸ்-அப் கண்ணாடி.

மூட்டம்:
ஒன்று விட்டுப்போச்சு. புது டியூப்பில் ஆட்டோஃபோகஸ் ஓடும், ஆனால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். எம்எஃப்-இல் (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) போட்டு, லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தைத் தொடாமல் உடம்பை மட்டும் முன்பின் அசைத்து, கண் தெளியும் நொடியில் அமுக்குங்கள். கழற்றும்போது கேமராவின் பட்டனை அமுக்காமல் டியூப்பில் இருக்கும் நெம்புகோலை அமுக்கி லென்ஸை முதலில் எடுங்கள். மாறிப்போனால் டியூப் லென்ஸோடு வந்துவிடும், கேமராவின் வாய் அதுவரை திறந்தே கிடக்கும்.