மாம்பூ கருகுகிறது, இலையெல்லாம் பிசுபிசுப்பு: என்ன பூச்சி இது?

கேள்வி:
மரம் நன்றாகப் பூத்திருக்கிறது. ஆனால் கீழ்க்கிளைகளில் பூங்கொத்துகள் பழுப்பாகிக் காய்ந்து உதிர்கின்றன. இலையைத் தொட்டால் ஒட்டுகிறது, சில இலைகளில் கரி அப்பியிருக்கிறது. கிளையை ஆட்டினால் குட்டிப் பூச்சிகள் சடசடவெனத் தத்துகின்றன. மேலே இப்போதுதான் பூ விரிகிறது. மருந்து அடிக்கலாமா?

பதில் 1:
தத்துப்பூச்சியேதான். தலைப்பக்கம் அகன்று, பின்பக்கம் ஆப்புபோலக் குறுகியிருக்கிறதா பாருங்கள். நீளம் 4, 5 மில்லிமீட்டர்தான். பூக்காம்பின் சதைக்குள்ளேயே முட்டை வைக்கும். குஞ்சும் தாயும் சேர்ந்து சாறு உறிஞ்சும், பூ கொட்டிவிடும். அது கழிக்கும் இனிப்புத் திரவம்தான் உங்கள் கையில் ஒட்டுவது. அதன்மேல் வளர்கிற கரும்பூசணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இலைக்குள் போகாது. ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிடும்.

மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பூ விரிந்திருக்கும்போது பூச்சிக்கொல்லி வேண்டவே வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, தேனீயும் வரும். அவற்றையும் கொன்றுவிட்டு எதை நம்பிக் காய்க்கும்? அடிப்பதானால் பூங்கொத்து நீளத் தொடங்கும்போதே அடித்திருக்க வேண்டும். இப்போது பூ முடிந்த கீழ்க்கிளைகளில் மட்டும், சாயங்காலம், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள்.

பதில் 2:
எல்லாப் பழியையும் தத்துப்பூச்சிமேல் போடாதீர்கள். பூக்கள் நூலால் பின்னிக் கிடந்தால் உள்ளே புழு இருக்கும். வெள்ளை மாவு படிந்திருந்தால் அது பூச்சியே இல்லை, சாம்பல் நோய். அப்புறம், மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள். கடிக்கும்தான், ஆனால் பூச்சிகளை வேட்டையாடும்.

கேட்டவர்:
நூல் இல்லை, மாவும் இல்லை. ஆனால் சில பூந்தண்டுகள் ஒருபக்கமாக வளைந்திருக்கின்றன. வளைவில் ஊசிமுனை அளவு துளைகள்.

பதில் 1:
சரி, அப்படியானால் பூங்கொத்து ஈயும் இருக்கிறது. கொசுவைவிடச் சிறியது. அதன் புழு தண்டைக் குடைந்து, வளர்ந்ததும் துளை போட்டு வெளியேறி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். வளைந்த தண்டுகளை வெட்டி எரித்துவிடுங்கள். மரத்தடி மண்ணை மேலோட்டமாகக் கொத்திக் கிளறினால் கூட்டுப்புழு வெயிலில் காயும்.

தத்துப்பூச்சி பூ இல்லாத மாதங்களில் பட்டை இடுக்கில் பதுங்கியிருக்கும், அதற்கு நிழலும் ஈரமும்தான் சொர்க்கம். அறுவடை முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்து வெயில் இறங்க வழி செய்யுங்கள். மேலே இருக்கிற பூவை இப்போதைக்குத் தொடாதீர்கள்.